கரண்ட் எப்போது வரும்? - வாசகர் கேள்விகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தபோது, நான் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் மின்வாரிய லைன் வேலையில் ஃபோர்மேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த நாட்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டுக் கேள்விகள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பேராவூரணி வாசகர்: டவுனில் சீக்கிரமே விளக்கு எரிந்தது. எங்கள் கிராமத்துக்கு 27 நாள் ஆயிற்று. கேட்க ஆளில்லாத ஊர் என்றுதானே விட்டுவிட்டீர்கள்?

உங்கள் கோபம் எனக்குப் புதிதில்லை ஐயா. எங்கள் ஜீப்பை மறித்து ரோட்டில் உட்கார்ந்தவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன்.

வாய்க்கால் உடைந்து கிடக்கும்போது கடைமடையில் போய் மண்வெட்டி போட்டுப் பயனில்லை, தலைமடையிலிருந்துதான் கட்டிக்கொண்டு வரவேண்டும். மின்சாரமும் அப்படித்தான். முதலில் பெரிய டவர் லைன், அப்புறம் சப் ஸ்டேஷன், அதிலிருந்து கிளம்பும் 11,000 வோல்ட் பீடர், அதற்குப் பிறகு ஊர் டிரான்ஸ்பார்மர், தெருக்கம்பம், கடைசியாக உங்கள் வீட்டு சர்வீஸ் வயர். இதில் ஆஸ்பத்திரி லைனும் குடிநீர் லைனும் முன்னால் போகும். டவுன் பீடர் ரோட்டை ஒட்டிப் போவதால் லாரியிலேயே கம்பத்தை இறக்கிவிடலாம். உங்கள் ஊர் பீடர் தென்னந்தோப்புக்குள் நுழைந்து, வயலில் இறங்கி, ஆற்றைத் தாண்டி வருகிறது. ஒரு தென்னை கம்பியில் சாய்ந்தால் பக்கத்துக் கம்பத்தோடு போகாது. கம்பி இழுக்கிற இழுப்பில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று முறிந்துவிடும். டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் விழுந்தது அப்படித்தான்.

அது சம்பாப் பயிர் நிற்கும் காலம். வயலுக்குள் வண்டி இறங்காது. சிமென்ட் கம்பத்துக்குக் கயிறு கட்டி, மூங்கில் கொடுத்து, பன்னிரண்டு பேர் சேர்ந்து சேற்றில் தூக்கிக்கொண்டு நடந்தோம். பயிரை மிதிக்கத் தயங்கி வரப்பில் நின்ற எங்களைப் பார்த்து, வயல்காரரே "மிதிச்சுக்கிட்டுப் போங்கய்யா, வெளிச்சம் வந்தா போதும்" என்றார். குழி தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் வந்து மண் சரிந்துவிடும். மறுபடி தோண்ட வேண்டும். அந்தக் குழிகளில் பாதியைத் தோண்டியவர்கள் அந்தந்த ஊர்ப் பிள்ளைகள்தான்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஓர் உண்மையும் இருக்கிறது. எங்கள் பட்டியலில் பின்னால் இருந்த ஒரு பெரிய வீட்டு லைன், ஒரு போன் வந்ததும் முன்னால் வந்தது. அதனால் ஒரு குடியிருப்பு இரண்டு நாள் பின்னால் போனது. என் கண்முன்னே நடந்தது. நான் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளுக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

மன்னார்குடி வாசகி: அடுத்த புயலுக்கு என்று சின்ன ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோம். அதன் வயரை வீட்டு பிளக்கில் சொருகினால் வீடு முழுக்க எரியும் என்கிறார்கள். செய்யலாமா?

கூடவே கூடாது அம்மா. இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். 11,000 வோல்ட்டைக் குறைத்து உங்கள் வீட்டுக்கு அனுப்புகிற அதே பெட்டி, உங்கள் வீட்டிலிருந்து மின்சாரம் பின்னோக்கி வந்தால் அதை உயர்த்தி மேல் கம்பிக்கு ஏற்றிவிடும். அங்கே கம்பத்தில் ஒருவன் தொங்கிக்கொண்டிருப்பான்.

ஒன்பதாம் நாள் என்று நினைவு. சப் ஸ்டேஷனில் லைன் நிறுத்தியாகிவிட்டது, கம்பத்தில் லைனைத் துண்டிக்கிற ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டும் போட்டாகிவிட்டது. ஏறப்போன ஹெல்பர் பையனுக்கு அவசரம். "அண்ணே, சுத்துவட்டாரமே இருட்டா கெடக்கு, இதுல எங்கேருந்து கரண்ட் வரும்?" என்றான். நான் விடவில்லை. லைனில் கரண்ட் இருந்தால் மண்ணுக்குப் போய்விடட்டும் என்று எர்த் கம்பியை மண்ணில் அடிக்கச் சொல்லி, அதோடு சேர்ந்த ராடை லைனில் தொட்டேன். சட்டென்று நீலமாக ஒரு பொறி. தோப்புக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜெனரேட்டர் திணறி நின்றது. அந்தச் சத்தம் அதுவரை எங்கள் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் ஓடி வந்து கைகூப்பி நின்றார். படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்காக ஒரு ஃபேன் ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். பையன் கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்று முழுக்க அவன் பேசவில்லை.

உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். அது இருந்தால் ஈபி லைனும் ஜெனரேட்டரும் ஒருபோதும் ஒன்று சேராது. அதற்குச் செலவு செய்ய முடியாவிட்டால், ஜெனரேட்டரிலிருந்து தனி வயர் இழுத்து ஃபேனையும் லைட்டையும் அதில் மட்டும் போடுங்கள். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி இருக்கட்டும். அதன் புகை மூடிய அறையில் ஆளைக் கொல்லும்.

கோவை வாசகர்: எல்லாக் கம்பியையும் பூமிக்கடியில் கொண்டுபோய்விட்டால் என்ன?

நெருக்கமான கடலோர டவுன்களுக்குச் சரி. வயலுக்கு நடுவே பத்து வீட்டுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் கேபிள் புதைக்கப் பல மடங்கு செலவாகும். தண்ணீர் தேங்குகிற மண்ணில் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை. என் வரையில், லைனை ஒட்டித் தென்னை வைக்காமல் இருந்தாலே பாதிக் கம்பம் தப்பியிருக்கும்.

வேளச்சேரி வாசகி: 2015 வெள்ளத்தில் எங்களுக்கு யார் யாரோ உதவினார்கள். கஜாவுக்கு நாங்கள் துணி, அரிசி அனுப்பினோம். எது உண்மையில் உதவியது?

கூரை போன வீட்டுக்கு அரிசியைவிடத் தார்ப்பாய் அவசரம். புயலுக்குப் பிறகும் மழை பெய்தது. தார்ப்பாய், கொசுவத்தி, டார்ச், நாப்கின், குழந்தைகளுக்குப் பால் பவுடர் இவைதான் கேட்டு வாங்கினார்கள். பழைய துணி பஸ் ஸ்டாப்களில் நனைந்து குவிந்து கிடந்தது. உங்கள் மனதை நோகடிக்கச் சொல்லவில்லை, அடுத்த முறைக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. லாரிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே நின்றுவிடும். ரோட்டோர ஊருக்கு நாலு முறை கிடைத்தது, நாலு கிலோமீட்டர் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் ஊரின் பள்ளி ஆசிரியரையோ மளிகைக் கடைக்காரரையோ பிடித்து, எத்தனை வீடு, என்ன தேவை என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். குடிதண்ணீருக்கு எங்கள் பக்கம் ஒரு வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி, டேங்க் டேங்காகக் கொண்டுபோய் மோட்டார் ஓட்டினார்கள். அந்த டீசலுக்குப் பணம் கொடுத்தவர்களை ஊர் இன்றும் நினைக்கிறது.

பொள்ளாச்சி வாசகர்: விழுந்த தென்னைக்கு நிவாரணம் கொடுத்தார்களே, புதிதாக நட்டுவிட்டு நிமிர்ந்திருக்கலாமே?

நீங்களும் தென்னை விவசாயி என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு விளங்கும். நாங்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் நம்பும்படி வராமல் போனதால், நெல்லை விட்டுத் தென்னைக்கு வந்தவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம். பிள்ளை படிப்பு, பெண் கல்யாணம், நகைக்கடன் எல்லாமே தேங்காய் வெட்டுக் கணக்கில்தான் ஓடும்.

அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. என் மைத்துனர் தோப்பில் 140 மரம். நின்றது பதினொன்று. முதல் வாரம் அவர் தோப்புக்குள் காலே வைக்கவில்லை. அப்புறம் ஜே.சி.பி.க்கும் ரம்பத்துக்கும் ஆள் தேடினால், எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வேண்டும், வாடகை ஏறிவிட்டது. மரத்தை எடுக்காமலும் விட முடியாது. மட்கிய தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, மிஞ்சிய பதினொன்றின் குருத்தையும் புதுக் கன்றையும் தின்றுவிடும். நட்ட நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருடம். இடையில் உளுந்தும் கடலையும் போட்டுப் பார்த்தார். மகன் திருப்பூருக்குப் போனான். கன்று காய்த்த பிறகும் அவன் திரும்பவில்லை. மின்கம்பியை ஒரு மாதத்தில் கட்டிவிட்டோம், அதே ஊரில் அந்தக் குடும்பத்தை நிமிர்த்த எங்களிடம் எந்தக் கம்பமும் இல்லை.

காரைக்குடி வாசகர்: வேலை பார்த்தவர்கள் எங்கே சாப்பிட்டீர்கள், எங்கே தூங்கினீர்கள்?

பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்தோம். கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் ஊரில் அந்த ஆகஸ்டில்தான் பெருவெள்ளம் வந்து போயிருந்தது. விழுந்த மரத்தையே விறகாக்கி ஊர்ச்சனம் சமைத்துப் போட்டது. கூரை இழந்த ஒரு அம்மா தினமும் எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்தார்.

அவர் வீட்டு சர்வீஸ் கொடுக்கும் நாள் வந்தபோது மீட்டர் பலகையை மாட்டச் சுவர் இல்லை. மண்சுவர் கரைந்துவிட்டது. என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த இடத்தில் நின்றது, அரசுத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த சிமென்ட் கழிப்பறை ஒன்றுதான். "அதுல மாட்டுங்க தம்பி" என்றார். அதில்தான் மாட்டினோம். அங்கிருந்து தார்ப்பாய்க்கு ஒரு வயர் இழுத்து, உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு வந்தோம்.