முதலாளி முகமும் அல்வாச் சட்டியும்

கேள்வி: அல்வாப் பட்டறை வைத்திருக்கிறேன், 9 பேர் வேலை பார்க்கிறார்கள். கடன் கவலையோடு நான் உள்ளே நுழைகிற நாட்களில்தான் சட்டி அடிப்பிடிக்கிறது. என் மனநிலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உண்டு அண்ணாச்சி. கோதுமைப் பால் இறுக ஆரம்பித்ததும், அடியில் தட்டுகிறது என்பது துடுப்பு பிடிப்பவர் கைக்குத்தான் முதலில் தெரியும். அப்போதே "தீயைக் குறைங்க" என்று குரல் கொடுத்தால் சட்டி தப்பும். உங்கள் முகத்தைப் பார்த்துத் தயங்கினால் தீய்ந்த வாடை முழுக்க ஏறிவிடும். பிறகு எவ்வளவு நெய் விட்டாலும் போகாது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களைப் பற்றி 1996-ல் எழுதியதும் இதுதான். நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே தவறைப் பயமில்லாமல் சொல்ல முடிந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு நிமிடம் நின்று, தாடையும் தோளும் இறுகியிருக்கிறதா பாருங்கள்; மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடுங்கள். கடன்காரர் போனை அடுப்படியில் எடுக்காதீர்கள். சிரித்து நடிக்கவும் வேண்டாம், ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். "வெளியே ஒரு கவலை, உங்க மேல கோபமில்ல" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தன்னால்தான் என்று நினைப்பார். யாராவது தவறைச் சொன்னால், "சொன்னது நல்லதாப் போச்சு" என்பதே முதல் வார்த்தையாக இருக்கட்டும். விசாரணை சட்டியை இறக்கிய பிறகு. நேற்று எல்லார் முன்னாலும் திட்டியிருந்தால், வருத்தத்தையும் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.