புரளும் கணுக்கால்

கேள்வி: செம்பனைக் குலை அறுக்கும் என் கணவருக்கு முன்பு பிசகிய கணுக்கால், வீக்கம் வற்றிய பின்னும் அடிக்கடி புரள்கிறதே, ஏன்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, கணுக்காலின் வெளிப்புற இணைப்புநார் இழுபட்டுத் தளரும்போது, பாதம் எப்பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கும் உணர்வும் மங்கக்கூடும் என்று 1965இலேயே ஃபிரீமன் என்ற ஆய்வாளர் விளக்கினார். நீண்ட கழியில் கட்டிய அரிவாளைப் பிடித்து அண்ணாந்து நிற்பவருக்கு, கண் மேலே இருக்கையில் பாதமே தரையை அறிந்தாக வேண்டும். அதனால்தான் உங்கள் கவலை எனக்கும் பெரிதாகத் தோன்றுகிறது. சுவரருகே ஒற்றைக்காலில் நின்று அவர் கண்களை மூடட்டும்: பாதத்தின் ஓரத் தசைநார்கள் துடிக்க, மறுகால் விரைவிலேயே தரையைத் தேடினால் சமநிலை குறைந்திருக்கலாம். கணுக்கால் பட்டை உதவும். ஆனால், இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் 4 முதல் 6 வாரங்கள் செய்யும் சமநிலைப் பயிற்சியே அவருக்கு முதன்மையாகத் தேவை.