சாந்தா அம்மா – கடிதம்

அன்புள்ள ஐயா,

டாக்டர் வி. சாந்தா 2021 ஜனவரி 19 அன்று மறைந்த செய்தி கேட்டு என் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்துப் பிழைத்தவர் அம்மா. எங்கள் ஊர் நூலகத்தில் சாந்தா அம்மாவைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விருதுகளை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். வேறென்ன சொல்வது?

செ.

அன்புள்ள செ.,

விருதுகள் ஒரே வரியில் முடிந்துவிடும்: 2005இல் மகசேசே, 2016இல் பத்ம விபூஷண். மிச்ச நேரத்தை 1955ஆம் ஆண்டுக்குக் கொடுங்கள். எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் கிடைத்த அரசு வேலையை விட்டுவிட்டு அவர் அடையாறுக்குப் போன வருடம் அது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, பல வருடம் போராடி, முந்தைய வருடம்தான் அந்த மருத்துவமனையைத் திறந்திருந்தார். மொத்தம் 12 படுக்கைகள். அந்த வளாகத்துக்கே குடிபோன சாந்தா அம்மாவுக்கு 93 வயதுவரை அதுதான் வீடு. கையில் காசில்லை என்று வந்தவர்களுக்கும் அங்கே வைத்தியம் நடந்தது.

என் சித்தியையும் அங்கேதான் கூட்டிப்போனோம். கதிர்வீச்சு கொடுக்க வேண்டிய இடத்தைக் கழுத்தில் மையால் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அது அழியக் கூடாது, சோப்பு படக் கூடாது. ஊருக்கு வந்தால் யார் கண்ணிலும் படாமலிருக்க முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பார். நாங்களும் வீட்டில் ‘அந்த வியாதி’ என்போம், பெயர் சொல்ல மாட்டோம். சித்தி கட்டியைக் கவனித்து எட்டு மாதம் வாய் திறக்கவில்லை. சொன்னால் வீட்டில் கல்யாணப் பேச்சு தடைபடும் என்று பயம்.

சாந்தா அம்மா கடைசிவரை மல்லுக்கட்டியது இந்தப் பயத்தோடும்தான். இது தலைவிதி இல்லை, சீக்கிரம் வந்தால் குணப்படுத்தலாம் என்பதை அவர் எத்தனை மேடைகளில் சொல்லியிருப்பார்! மருந்துக்கு நிகரான வேலை அது என்றே நினைக்கிறேன். சித்தி விஷயத்தில் நாங்கள் தாமதித்துவிட்டோம். இன்றும் அது ஆறவில்லை எனக்கு.

உங்கள் அம்மாவுக்குச் சம்மதம் என்றால் அவரையும் நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் ஐந்து நிமிடத்தில் இரண்டை அவருக்குக் கொடுங்கள். என்ன நோய் வந்தது, எப்போது போய்க் காட்டினார் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும்.