மலிவான காபன் ஷாஃப்ட் போதுமா, விலை கூடியதைத்தான் வாங்க வேண்டுமா?

"கிளிநொச்சியில் இருக்கிறேன். போன மாரியோடு என் பூல் கியூவின் (பந்தை அடிக்கும் தடியின்) முன்பாதியான மர ஷாஃப்ட் வளைந்துவிட்டது. காபன் ஃபைபர் ஷாஃப்ட் 120 டொலருக்கும் விற்கிறார்கள், 500 டொலருக்கும் விற்கிறார்கள். அவ்வளவு வித்தியாசம் உண்மையில் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வளைவுதான் உங்கள் கவலை என்றால், 120 டொலர் ஷாஃப்ட்டே அதைத் தீர்த்துவிடும். மேப்பிள் மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், கோடையில் காய்ந்து சுருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டுக் கதவுகள் நிலையோடு இறுகிக்கொள்வதற்கும் கியூ வளைவதற்கும் காரணம் ஒன்றே. பிசினில் தோய்ந்து இறுகிய காபன் இழைக்கு, அது எந்த விலைக்கு விற்கப்பட்டாலும், அந்தப் பழக்கம் இல்லை. வவுனியாவில் நான் விளையாடும் கூடத்தில் என்னுடைய மலிவான ஷாஃப்ட் இரண்டு மாரிகளைக் கண்டுவிட்டது. மேசையில் உருட்டினால் இன்றும் நுனி ஆடுவதில்லை.

விலையின் வித்தியாசத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். வெள்ளைப் பந்தின் நடுவை விட்டு வலப்புறம் அடித்தால், பந்து நாம் குறிவைத்த கோட்டிலிருந்து சற்று இடப்புறம் விலகிப் போகும். ஷாஃப்ட்டின் நுனியில் ஒட்டியிருக்கும் தோல் துண்டான டிப், பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதற்குள் ஷாஃப்ட்டின் முன்புறச் சில அங்குலங்கள் மட்டுமே பந்தோடு சேர்ந்து பக்கவாட்டில் தள்ளப்படுகின்றன. அந்தச் சில அங்குலங்களின் நிறை குறையக் குறைய விலகலும் குறையும். ஆகவே காபன் என்பதாலேயே பந்து விலகாது என்று விளம்பரங்களில் எழுதுவது பாதி உண்மைதான். நுனியில் குழாயின் சுவர் தடித்தும், டிப்புக்குக் கீழே இருக்கும் பூணான ஃபெரூல் கனத்தும் இருந்தால் காபனிலும் பந்து விலகவே செய்யும். நுனியைக் குடைந்து இலேசாக்கிய மர ஷாஃப்ட்டுகளோ 1990களிலேயே விலகலைக் குறைத்துவிட்டன.

வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கனடாவிலிருந்து வந்த மாமா தம்முடைய பிரெடேட்டர் ரேவோ என்ற விலை கூடிய காபன் ஷாஃப்ட்டைக் கொண்டுவந்திருந்தார். 2016இல் சந்தைக்கு வந்த அந்த வகை 11.8, 12.4, 12.9 மில்லிமீற்றர் என்று மூன்று தடிப்பில் கிடைக்கிறது, அவருடையது 12.4. விலை 500 டொலருக்கு மேல், டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றரை இலட்சம். "அடிச்சுப் பார் மருமகன், உடையாது" என்று அவர் தந்ததும், நாட்காட்டித் தாள் ஒன்றை நான்கு அடி தூரத்தில் மேசை விளிம்பின் குஷனில் ஒட்டி, கியூவை ஒரு டிப் அகலம் வலப்புறம் இணையாக நகர்த்தி, ஒவ்வொரு ஷாஃப்ட்டாலும் பத்துப் பத்து அடிகள் அடித்துப் பார்த்தேன். பழைய மர ஷாஃப்ட்டில் பந்து ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றர் இடப்புறம் போய் மோதியது, ரேவோவில் இரண்டரை, என்னுடைய மலிவானதில் மூன்று, மூன்றேகால். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மரத்துக்கும் மலிவான காபனுக்கும் இடையிலான இடைவெளி, இரண்டு காபன்களுக்கும் இடையிலானதைவிடப் பெரியது என்பது என் மேசையில் தெளிவாகவே தெரிந்தது. அந்த அரைச் சென்ரிமீற்றரை உணர்ந்து விளையாடும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. (1999இல் பிலிப்பைன்ஸ் வீரர் எஃப்ரன் ரெயெஸ் கார்டிஃபில் உலக ஒன்பது பந்துப் பட்டத்தை வென்றது மரக் கியூவால்தான் என்பதையும் மாமாவுக்கு நினைவூட்டினேன், அவருக்கு அது பிடிக்கவில்லை.)

கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒழுங்கு. பெயர் பெற்ற நிறுவனத்தின் ஷாஃப்ட் இரண்டை எடுத்தால் நிறையும் நுனித் தடிப்பும் ஒன்றுபோலவே இருக்கும்; மலிவானவற்றில் ஒன்று நன்றாக அமையும், அடுத்தது முன்பாரமாக இருக்கும். நானும் நண்பரும் ஒரே இடத்தில் ஒரே நாளில் வாங்கினோம். அவருடையது பந்தைத் தொடும்போது வெறுந் தகரக் குழாயின் சத்தம் எழுப்புகிறது. என்னுடையது அடங்கிய ஒலி தருகிறது.

மேற்பூச்சையும் கவனியுங்கள். மலிவானவற்றில் பல கண்ணாடிபோலப் பளபளக்கும் பூச்சோடு வருகின்றன. குளிரூட்டிய அறையில் அது வழுக்கும். நம் ஊரின் வைகாசி வெயிலில், ஒரு மின்விசிறியின் கீழ், வியர்த்த விரல்களுக்கிடையில் அது ஒட்டிப் பிடிக்கும். மாமாவின் ஷாஃப்ட் பளபளப்பில்லாத பரப்புடையது, அதே வெக்கையிலும் தடையின்றி ஓடியது. உண்மையில் நான் பொறாமைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். இப்போது மெல்லிய துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் துடைக்கிறேன், சமாளிக்கலாம்.

எந்த விலைக்கு வாங்கினாலும், முதலில் உங்கள் அடித்தடியில் (கியூவின் பின்பாதியில்) ஷாஃப்ட்டைப் பூட்டும் திருகாணி எந்த வகை என்று உறுதிசெய்யுங்கள். என் முதல் பிழை அதுதான். என் தடியின் ஆணி 5/16-14, நான் வரவழைத்தது 5/16-18; கண்ணுக்கு இரண்டும் ஒரே தடிப்பு, ஆனால் ஓர் அங்குலத்துக்கு ஒன்றில் 14 மரைகள், மற்றதில் 18. இரண்டு சுற்று ஏறி இறுகி நின்றபோது, அழுத்தித் திருப்பாமல் லேத் பட்டறையில் இருக்கும் அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அடிமட்டம் வைத்து மரைகளை எண்ணிக் காட்டிவிட்டு, "இன்னும் ஒரு சுத்து சுத்தியிருந்தா ரெண்டும் போயிருக்கும்" என்றார். பொருந்தும் ஷாஃப்ட் கிடைத்த பின்னும் மூட்டைப் பூட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முகங்களுக்கிடையில் ஒளிக்கீற்றுத் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மலிவானவற்றோடு வரும் டிப்பையும் நம்பாதீர்கள். என்னுடையது மூன்றாம் வாரம் கழன்று விழுந்தது. மிச்சமாகும் பணத்தில் அடுக்குத் தோல் டிப் ஒன்று வாங்கி, பழக்கமுள்ளவரிடம் ஒட்டுவியுங்கள். பழைய பசையைச் சுரண்டும்போது அலகு காபன் விளிம்பைக் கடிக்கக் கூடாது, காபனைத் தேய்க்க நேர்ந்தால் முகமூடி அணிய வேண்டும். அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது.

வெளிநாட்டு உறவினர் எவரேனும் வரவிருந்தால், தபாலில் எடுப்பதைவிட அவரிடம் சொல்லி எடுப்பது சுலபம். ஆனால் பூல் கியூவை விமானத்துக்குள் கையில் கொண்டுவர விடமாட்டார்கள் என்பதையும், ஒப்படைக்கும் பெட்டியின் நீளத்துக்குள் அது அடங்குமா என்று அளந்து பார்க்கும்படியும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.