கார் கண்ணாடிக் கீறலை வீட்டிலேயே பாலிஷ் போட்டு எடுக்க முடியுமா?

கேள்வி: கதவுக் கண்ணாடியில் மேலிருந்து கீழாக நிறையக் கீறல்கள் இருக்கின்றன. கண்ணாடியை மாற்றாமல், நானே பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியுமா?

முடியும், ஆனால் எல்லாக் கீறலும் போகாது. முதலில் விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷில் போய்விடும். நகம் தட்டி நின்றால் விட்டுவிடுங்கள். கீறல் உள்பக்கம் இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் பல சமயம் கீறல் விழுந்திருப்பது ஃபிலிமில்தான். ஃபிலிமை உரித்தாலே கதை முடிந்தது.

நகம் தட்டினால் ஏன் வேண்டாம் என்கிறேன்? கீறல் என்பது ஒரு பள்ளம். அதை நிரப்ப முடியாது, சுற்றியுள்ள கண்ணாடியைத்தான் பள்ளத்தின் மட்டத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாக இருந்தாலும் அந்த இடம் குழிந்துவிடும், அதன் வழியாகப் பார்ப்பதெல்லாம் நெளியும். எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. தேய்ந்துபோன வைப்பர் முன்கண்ணாடியில் வில் மாதிரி ஒரு கோடு போட்டிருந்தது. டிரில்லிங் மெஷினில் பாலிஷ் போடும் வட்டப் பேடை மாட்டி, ஒரே இடத்தில் அரை மணி நேரம் தேய்த்தேன். கோடு போயே போய்விட்டது. பகலில் பார்த்துப் பெருமையும் பட்டேன். இரவில் எதிரே ஒரு வண்டி வந்தபோதுதான் ஹெட்லைட் இரண்டாகப் பிரிந்து அலைந்தது. கீறலோடு ஓட்டியிருந்தால்கூட அவ்வளவு தொந்தரவு இருந்திருக்காது. கடைசியில் முன்கண்ணாடியையே மாற்றினேன். ஓட்டுநர் கண்ணுக்கு நேரே இருக்கும் பகுதியில் நீங்கள் கை வைக்கவே வேண்டாம்.

கதவுக் கண்ணாடியில் பார்வைக்கு இவ்வளவு ஆபத்து இல்லை. அதற்குத் தேவை சீரியம் ஆக்சைடு தூள். மூக்குக்கண்ணாடி லென்ஸ், டெலஸ்கோப் ஆடி எல்லாம் மெருகேற்றப் பயன்படுவதும் இதே தூள்தான். பெயின்ட்டுக்குப் போடும் காம்பவுண்டு கண்ணாடியில் ஒன்றும் செய்யாது. பற்பசை தேய்த்தால் போகும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் உப்புநீர்க் கறையைக் கீறல் என்று நினைத்தவர்கள்.

தூளைத் தண்ணீரில் மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள பெயின்ட், ரப்பர் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மூடுங்கள். இந்தக் கரைசல் தெறித்துக் காய்ந்தால் இண்டு இடுக்கில் எல்லாம் வெள்ளையாகப் படிந்து உயிரை வாங்கும். கண்ணாடியைக் கழுவித் துடைத்துவிட்டு, கீறல் இருக்கும் இடத்தை மறுபக்கத்தில் மார்க்கரால் வட்டமிடுங்கள். கரைசல் பூசியதும் கீறல் கண்ணுக்கே தெரியாது.

டிரில்லிங் மெஷினில் ஃபெல்ட் (கம்பளியை அழுத்திச் செய்தது) பேடைத்தான் மாட்ட வேண்டும், பஞ்சு பேட் சரிவராது. மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாமல் கீறலைச் சுற்றி அகலமாக நகர்த்திக்கொண்டே இருங்கள். ஈரம் காயவே கூடாது. சீரியம் ஆக்சைடு வெறுமனே உராய்ந்து தேய்ப்பதில்லை, தண்ணீரோடு சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்போடு வேதிவினையும் புரிகிறது. காய்ந்துவிட்டால் வேலை நின்று சூடுதான் ஏறும். கண்ணாடியில் சூடு சட்டென்று பரவாது, ஓரிடம் மட்டும் சூடாகி விரிந்தால் உடைந்துவிடலாம். அடிக்கடி புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் நிறுத்துங்கள். வெயிலில் காய்ந்த கண்ணாடியில் ஆரம்பிக்கவே வேண்டாம். சில கதவுக் கண்ணாடிகளில் தண்ணீர் ஒட்டாத பூச்சு இருக்கும். பாலிஷ் போட்டால் அந்த இடத்தில் அதுவும் போய்விடும்.

பொறுமை வேண்டும். மயிரிழை போன்ற நாலைந்து கோடுகளுக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுநடுவே கழுவித் துடைத்து, சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்துப் பார்த்தேன்.

அப்புறம், மேலிருந்து கீழாகக் கீறல் என்கிறீர்களே, கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பீடிங்கில் மணல் சிக்கியிருக்கும். பாலிஷ் போடுவதற்கு முன்னால் கண்ணாடியை முழுவதும் இறக்கி, பீடிங்கின் உள்வாயை மெல்லிய பிரஷும் ஈரத்துணியும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். உள்ளே இருக்கும் வெல்வெட் போன்ற பகுதி தேய்ந்திருந்தால் பீடிங்கையே மாற்றுங்கள். நான் அதைச் செய்யாமல் பாலிஷ் போட்டு, மறு வாரமே அதே இடத்தில் புதுக்கோடு வாங்கினேன்.