அப்பாவை இழந்த துக்கம் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 28. தலைப்பிரசவம், ஏழாம் மாதம் நடக்கிறது. நான்காம் மாதத்தில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டில் இருக்கக் கூடாது என்று ஐந்து நிமிடம் முகம் பார்க்க விட்டார்கள். காரியத்துக்கும் போகவில்லை. இன்றும் அப்பாவை நினைத்தால் அழுகை வந்துவிடுகிறது. "இப்படியே அழுதால் பிள்ளை அழுமூஞ்சியாகத்தான் பிறக்கும்" என்கிறார் மாமியார். கணவர் ஒரு கர்ப்பகாலப் பயிற்சி வகுப்பில் சேரச் சொல்கிறார். வயிற்றில் ஹெட்போன் வைத்து இசை கேட்கச் செய்தால் குழந்தையின் மனம் சரியாகிவிடுமாம். கட்டணம் 18,000 ரூபாய். என் குழந்தையின் மனதை நான் கெடுத்துவிட்டேனா? வளைகாப்பு வேண்டாம் என்று தோன்றுகிறது, அதுவும் தப்பா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை, நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. பெற்ற அப்பா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அழுகை வராமல் இருந்தால்தான் நான் யோசித்திருப்பேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அழுகை அல்ல. ஒவ்வொரு முறை அழும்போதும் குழந்தைக்குத் துரோகம் செய்வதாக நினைத்து, அந்த அழுகையை நீங்கள் ஒளித்துக்கொள்ள ஆரம்பித்திருப்பதுதான்.

தாயின் மனநிலை குழந்தையை எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்ப்போம். உங்கள் நினைவுகளோ அப்பாவின் முகமோ தொப்புள்கொடி வழியாக இறங்குவதில்லை. மனம் பதறும்போது உடலில் என்ன மாறுகிறதோ, அதில் ஒரு பகுதி மட்டுமே போகிறது. முக்கியமானது கார்ட்டிசால் என்ற ஹார்மோன். நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு என்சைம், தாயின் ரத்தத்திலிருந்து வரும் கார்ட்டிசாலில் பெரும்பகுதியை வீரியமில்லாத பொருளாக மாற்றிவிடுகிறது. அதனால் குழந்தையின் ரத்தத்தில் அதன் அளவு தாயைவிட வெகு குறைவு. கார்ட்டிசால் வெறும் விஷமும் அல்ல. கடைசி மாதங்களில் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு அது வேண்டும். அமெரிக்காவில் ஜானெட் டிபியெட்ரோவும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தில் மிதமான மன அழுத்தம் இருந்த ஆரோக்கியமான பெண்களின் குழந்தைகள் இரண்டு வயதில் பின்தங்கியிருக்கவில்லை. வளர்ச்சிச் சோதனைகளில் சற்று முன்னேதான் இருந்தார்கள்.

அப்படியென்றால் பெரியவர்கள் சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேறு அளவில். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் கர்ப்பமாக இருந்த ஆயிரக்கணக்கான பெண்களையும் அவர்களின் பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் மிகக் கடுமையான பதற்றத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளிடம் உணர்ச்சி, நடத்தைப் பிரச்சினைகள் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தன. 'இரண்டு மடங்கு' என்றால் பயமாகத்தான் இருக்கும். நூறு குழந்தைகளில் ஆறு பேர் போல இருந்தது பன்னிரண்டு பேர் போல ஆனது, அவ்வளவுதான். அதாவது மிக அதிகப் பதற்றத்தில் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளிலும் நூற்றுக்கு எண்பத்தெட்டு பேருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இதை வைத்து எந்தத் தாயையும் குற்றவாளி ஆக்க முடியாது. மாதக்கணக்கில் விடாமல் அலைக்கழிக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கர்ப்ப காலத்திலேயே சிகிச்சை வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இனி ஹெட்போன் விஷயம். வயிற்றிலிருந்த பிரகலாதன் நாரதரிடம் உபதேசம் கேட்டான், அபிமன்யு சக்கர வியூகத்தைக் கேட்டான் என்று வளர்ந்தவர்கள் நாம். குழந்தை கேட்கிறது என்பது உண்மையே. ஆறாம் மாதவாக்கில் செவி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பொருள் புரியாது, ஆனால் குரலின் ஏற்ற இறக்கம் பதிகிறது. பிறந்து சில நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரலும் இன்னொரு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரலும் கேட்கும்படி செய்தார்கள் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள். இது 1980இல் வெளிவந்த ஆய்வு. குழந்தைகள் தாயின் குரல் வரும்படி சப்பின! 2009இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை கீழிருந்து மேலே ஏறும் ராகத்திலும், ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழே இறங்கும் ராகத்திலும் இருந்தது. அவரவர் மொழியின் போக்கு அது.

எனக்கு மிகவும் பிடித்தது வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பீட்டர் ஹெப்பர் செய்த ஆய்வு. கர்ப்ப காலத்தில் தினமும் ஒரு டிவி சீரியல் பார்த்த பெண்களின் குழந்தைகள், பிறந்தபின் அந்த சீரியலின் டைட்டில் இசை கேட்டதும் அசைவு நின்று கூர்ந்து கவனித்தன. மூன்று வாரத்தில் அந்த ஞாபகம் போய்விட்டது, ஏனென்றால் இடையில் அவை அதைக் கேட்கவில்லை. கருவில் பதிவது கல்லில் வெட்டிய எழுத்து அல்ல. பிறந்த பிறகு எது தொடர்கிறதோ அதுதான் நிலைக்கிறது. துக்கத்தைப் பற்றிக் கவலைப்படும் உங்களுக்கும் இது ஆறுதலான செய்தி.

அந்த வகுப்பில் சேர வேண்டாம் என்பது என் கருத்து. "மோசார்ட் கேட்டால் அறிவு வளரும்" என்ற பேச்சு 1993இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் இசை கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். ஒரு குறிப்பிட்ட சோதனையில் அவர்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தது. கருவிலிருக்கும் குழந்தை அந்த ஆய்வில் எங்குமே இல்லை. வயிற்றில் ஹெட்போன் வைப்பதால் மனம் செப்பனிடப்படும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. குழந்தை நாளின் பெரும்பகுதி தூங்குகிறது, அந்தத் தூக்கத்தை ஏன் கலைக்க வேண்டும்? உங்கள் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, உடல் வழியாகவும் உள்ளே போகிறது. நீங்கள் வாய்விட்டுப் பேசினாலே போதும். சும்மா பாடலாம், செய்தித்தாள் படிக்கலாம். "உன் தாத்தா எப்படிப்பட்டவர் தெரியுமா" என்று அப்பாவைப் பற்றியும் சொல்லலாம். நடுவில் குரல் உடைந்தால் உடையட்டும்.

அடுத்து, நீங்கள் கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன். அப்பாவை வழியனுப்பும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டார் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்ததுதான், தப்பு சொல்லவில்லை. ஆனால் இறுதிச் சடங்கில் இருப்பது, கூட அழுவது, வந்தவர்கள் அப்பாவைப் பற்றிப் பேசக் கேட்பது எல்லாம் சேர்ந்துதான் 'அவர் இனி இல்லை' என்பதை மனம் ஏற்றுக்கொள்ள உதவுகின்றன. அது நடக்காதபோது துக்கம் முடிச்சு அவிழாமல் நின்றுவிடலாம். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அம்மா வீட்டில் ஒரு நாள் அப்பாவின் படத்துக்கு முன் உட்காருங்கள். அவருக்குப் பிடித்ததைச் சமையுங்கள். அம்மாவும் அண்ணன் தம்பிகளும் அந்தக் கடைசி நாளைப் பற்றிச் சொல்லட்டும். வளைகாப்பு மனதுக்கு ஒப்பவில்லை என்றால் வேண்டாம். நாலு பேரோடு வீட்டளவில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றினால் அதுவும் சரிதான். எப்படிச் செய்தாலும் குழந்தையின் மனதுக்கு ஒரு குறையும் வராது.

அழுகை அலை அலையாக வந்து, இடையில் சிரிக்கவும் சாப்பிடவும் குழந்தையின் அசைவில் சந்தோஷப்படவும் முடிந்தால் அது துக்கம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, களைத்துப் படுத்தாலும் தூக்கமில்லை, 'நான் இருப்பதே பாரம்' என்ற எண்ணம், குழந்தையைப் பற்றி நினைக்கவே மனமில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் பிபி, சர்க்கரை பற்றிச் சொல்வது போல இதையும் சொல்லுங்கள். எடின்பர்க் அளவுகோல் என்று பத்தே கேள்விகள் கொண்ட ஒரு சோதனை 1987 முதல் புழக்கத்தில் இருக்கிறது, ஐந்து நிமிட வேலைதான். மருந்து இல்லாமல் பேச்சு முறையிலேயே பலர் தேறுகிறார்கள். பாகிஸ்தானின் கிராமப்புறத்தில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளை வீட்டுக்கே போய்ப் பேசச் செய்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் மனச்சோர்வில் இருந்தார்கள். இந்தப் பேச்சு உதவி பெற்றவர்களில் 23 சதவீதம் பேர்தான். மருந்து தேவைப்பட்டாலும் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியவை இருக்கின்றன. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பிரசவத்தைப் பற்றியும் பயம் வரும். பிறப்பதே ஒரு பெரிய அதிர்ச்சி, வாழ்நாள் பதற்றத்துக்கெல்லாம் அதுதான் வேர் என்று வியன்னாவில் ஓட்டோ ராங்க் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1924இல் எழுதினார். அவருடைய குருவான ஃப்ராய்டே பிறகு அதை ஏற்கவில்லை. பிரசவ நேரத்தில் குழந்தையின் உடலில் பொங்கும் ஹார்மோன்கள் அதன் நுரையீரலில் உள்ள நீரை வற்றவைத்து மூச்சுக்குத் தயார் செய்கின்றன. பிறந்ததும் அது கண் திறந்து விழிப்போடு இருப்பதற்கும் அவை உதவுகின்றன. சிசேரியன் ஆனாலும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்டுதல் குறையாது. முதல் ஒரு மணி நேரத்தில் குழந்தையை மார்போடு தோல் தொட அணைத்துக்கொள்ள விடுமாறு கேளுங்கள், முடியாமல் போனால் பிறகு அணைத்துக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியம், பிரசவ அறையில் உங்களோடு யார் இருப்பது என்பது. நம்பிக்கையான ஒருவர் கூடவே இருந்தால் சுகப்பிரசவத்துக்கு வாய்ப்பு கூடுகிறது, பிரசவத்தைப் பற்றிய கசப்பான நினைவும் குறைகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெளிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்க வழி உண்டு. தனியார் என்றால் இப்போதே கேட்டு வையுங்கள்.

பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் போவீர்கள். அந்த வீட்டில் அப்பா இல்லை, அம்மாவும் துக்கத்தில் இருக்கிறார். பச்சை உடம்புக்காரியைப் பார்க்கும் முழுப் பொறுப்பையும் அவர் ஒருவர் தலையில் வைக்க வேண்டாம். சித்தியோ அத்தையோ ஒரு மாதம் கூட இருக்கட்டும். கணவர் வாரக் கடைசியில் வந்து பார்த்துப் போகும் விருந்தாளியாக இல்லாமல், ராத்திரியில் குழந்தையை ஏந்திக்கொள்பவராக இருக்க வேண்டும். அந்த 18,000 ரூபாயை இதற்குச் செலவழிக்கலாம். மாமியாரிடமும் அவரே பேசட்டும். அக்கறையில் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆனால் 'அழுமூஞ்சி' என்ற பேச்சு இந்த வீட்டில் இனி வேண்டாம்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள்வாக்கில் காரணமில்லாமல் அழுகை வரும். பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு வருவதுதான், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். உங்களுக்கு அப்போது அப்பா நினைவும் சேர்ந்து வரும், அதற்குத் தயாராக இருங்கள். எப்போதும் சிரித்த முகமாக இருந்தால்தான் நல்ல அம்மா என்று நினைக்காதீர்கள். எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் தாய்மார்களையும் குழந்தைகளையும் கூர்ந்து கவனித்தபோது, நன்றாகவே பழகும் ஜோடிகள்கூட மொத்த நேரத்தில் சுமார் முப்பது சதவீதம்தான் ஒத்திசைவில் இருந்தார்கள். மீதி நேரம் தவறவிடுவதும் மறுபடி சேர்வதுமாகப் போகிறது.

இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு அடங்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், புதிதாகப் பெற்ற தாய்மார்களில் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ஒன்று மட்டும் அவசரம்: பிரசவமான சில நாளில் தூக்கமே தேவைப்படாமல் பேசிக்கொண்டே இருப்பது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான சந்தேகம் வருவது. ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரும் இதைப் 'பேய் பிடித்திருக்கிறது' என்று தள்ளிப்போடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், நன்றாகக் குணமாகக்கூடியது. இதைக் கணவரும் அம்மாவும் தெரிந்து வைத்திருக்கட்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே பேச வேண்டும் போலிருந்தால் பிரசவம் வரை காத்திருக்காமல் இன்றைக்கே கூப்பிடுங்கள்.