மூன்று ஊர், இரண்டு பிள்ளைகள், ஒரு கார்

கேள்வி: நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்குப் பதினொரு மாதம். தீபாவளிக்கு மயிலாடுதுறை மாமியார் வீடு, அடுத்த வாரம் கோவையில் கல்யாணம், கார்த்திகையில் திருவண்ணாமலை தீபம். எல்லாமே காரில். மகள் ஏறி அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்துவிடுகிறாள். எப்படிச் சமாளிப்பது?

குழந்தைகள் நல மருத்துவர் பதில்:

முதலில் தீபத்தை அடித்துவிடுங்கள். அன்றைய நெரிசலில் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஓரமாக உட்காரக்கூட இடம் கிடைக்காது; கிரிவலப் பாதையோ 14 கிலோமீட்டர். மார்கழி கழிந்து ஒரு வார நாளில் நிம்மதியாகப் போய் வரலாம். பெரியவர்கள் முகம் சுளித்தால் ‘டாக்டர் வேண்டாமென்றார்’ என்று பழியை என்மேல் போடுங்கள்.

வாந்திக்கு வருவோம். உடம்பு ஆடுவதை உள்காது உணர்கிறது. செல்போனையோ முன்சீட்டின் முதுகையோ பார்க்கும் கண், எதுவும் நகரவில்லை என்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டுகிறது. இரண்டு வயதுக்கு முன் அபூர்வம், பன்னிரண்டு வரை அதிகம், அப்புறம் பெரும்பாலும் குறைந்துவிடும். அதனால் செல்போனைப் பிடுங்கிவிட்டு, சாலை கண்ணில் படும்படி பின்சீட்டில் உட்கார வையுங்கள். விடுகதை, பாட்டு, எதிரே வரும் லாரியை எண்ணுவது என்று பார்வை வெளியே இருக்கட்டும். வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது; கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். காருக்குள் தொங்கும் வாசனை டப்பாவைக் கழற்றி எறியுங்கள், பாதிப் பேருக்கு அதுவே குமட்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கட்டும். பெரியவர்களின் பஸ் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. செய்யாதீர்கள். மருந்து தேவையென்றால் எடை பார்த்து உங்கள் டாக்டர் எழுதித் தரட்டும்.

கோவைக்கு ஏன் கார்? மயிலாடுதுறையிலிருந்தே ஜனசதாப்தி ஓடுகிறது. லீவு கிடைத்தால் தீபாவளி முடிந்து அங்கேயே தங்கி ரயில் ஏறுங்கள். ரயிலில் பிள்ளை எழுந்து நடக்கலாம், வாந்தியும் குறையும். கடலூர் வந்து திரும்பும் அலைச்சலும் மிச்சம்.

மகனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்கு அதுதான் கவலை. முன்சீட்டில் அம்மா மடியில் குழந்தை என்பது நம் வழக்கம். திடீர் பிரேக்கில் எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது; ஏர்பேக் விரிந்தால் குழந்தைமேல்தான் அடிக்கும். பின்சீட்டில், பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கை வாங்கிப் பொருத்துங்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ தகுந்த இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 2019 சட்டத் திருத்தப்படி ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. பால் கொடுக்க வண்டியை நிறுத்துங்கள், ஓடும்போது வேண்டாம்.

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. நம் பக்கம் மழை விட்ட பிறகும் ஆபத்து வரும். 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி அதற்கு அப்புறம்தான் கடலூரைச் சூழ்ந்தது. விழுப்புரம் பக்கம் அரசூரில் நெடுஞ்சாலையே மூழ்கியது. ஆகவே வானத்தை மட்டும் பார்க்காமல், கிளம்பும் காலையில் அணை எச்சரிக்கையையும் பாருங்கள்.

பையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், ஓஆர்எஸ் பாக்கெட் (ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கரைத்து, 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்), தெர்மாமீட்டர், எடைக்கேற்ற பாராசிட்டமால். இது டெங்கு காலம். வலி மாத்திரை வேறெதுவும் கொடுக்காதீர்கள். ஜுரம் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள், டெங்குவில் ஆபத்து அப்போதுதான் வரும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, துவண்டு படுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் கடலூர் திரும்பட்டும் என்று காத்திராமல் இருக்கும் ஊரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகூர்த்த நேரமாக இருந்தாலும் சரி.